வீட்டுக்கே வந்து சினை ஊசி: ஐந்துக்கு இரண்டரை

கோட்டையூர் பக்கம் தனியாகச் சினை ஊசி, அதாவது மாட்டுக்குச் செயற்கைக் கருவூட்டல், போடும் ஒருவர், பேர் வேண்டாம். எங்கள் கலப்பின மாடு விடியற்காலை கத்தத் தொடங்கி, கண்ணாடி போலச் சளி தொங்கியதுமே போன் போட்டேன், ஆள் வந்தது மறுநாள் மதியம். காலையில் பருவம் தெரிந்தால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை, இது எங்கள் அப்பத்தாவுக்கே தெரிந்த கணக்கு. சரி, வந்தவரையில் லாபம் என்று பார்த்தால், மைனஸ் 196 டிகிரி நைட்ரஜன் கேனிலிருந்து எடுத்த உறைவிந்துக் குச்சியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு டீ குடிக்கிறார்! 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் வைக்க வேண்டியது அது.

21ஆம் நாள் மாடு மறுபடி கத்தியது, சினை பிடிக்கவில்லை. துபாயில் ஒட்டகப் பண்ணையில் வேலை பார்க்கும் சின்னத்தா மகன் போனில் சிரித்தான்: ஒட்டகத்துக்கு இணை சேர்ந்தால்தான் கருமுட்டையே வெளிவருமாம், அதனால் முதலில் ஹார்மோன் ஊசி போட வேண்டுமாம், சினைக்காலமும் ஏறக்குறைய 13 மாதம், உன் பாடு தேவலை என்றான்.

இரண்டாம் முறை தண்ணீரும் தெர்மாமீட்டரும் நானே எடுத்து வைத்தேன். முகத்தைச் சுளித்தாலும் ஒழுங்காகப் போட்டார். மூன்றாம் மாதம் கால்நடை மருத்துவர் கையை உள்ளே விட்டுப் பார்த்துச் சினைதான் என்றார். இரண்டு தடவைக்கும் முழுக்காசு வாங்கிக்கொண்டார், அதுதான் உறுத்துகிறது. அந்த அரை மதிப்பெண் ஒவ்வொரு தடவையும் புதுக் கையுறை போட்டதற்கு.