கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் போன 6,400 ரூபாய்: இணையவழி ஸ்கிரப் வகுப்பில் சேருமுன் இதைப் படியுங்கள்

வீட்டிலேயே இயற்கைப் பொருள்களைக் கொண்டு ஸ்கிரப் செய்யக் கற்றுத் தருவதாகவும், அதற்கான மூலப்பொருள்களை வீட்டுக்கே அனுப்பி வைப்பதாகவும் சொன்ன ஓர் இணையப் பக்கத்திடம் 6,400 ரூபாயைக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பணம் கட்டி ஏழு வாரம் ஆகிறது என்றாலும், நேற்று மாலைதான் அவர்கள் என்னை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினார்கள் என்பதால் கோபம் ஆறாமலேயே இதை எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு, எந்தப் பொருளை எங்கே வாங்குவது, எப்படிச் சோதிப்பது என்பதையெல்லாம் கடைசியில் விரிவாகத் தருகிறேன்.

நான் ஈரோட்டுக்காரி. மஞ்சளுக்கென்றே தனிச் சந்தை நடக்கும் ஊர் இது; 2019-இல் எங்கள் மஞ்சளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்துவிட்டு மஞ்சளைக் கூரியரில் வரவழைத்தேன் என்றால், கொல்லன் தெருவுக்கே வந்து ஒருவர் ஊசி விற்றுவிட்டுப் போயிருக்கிறார் என்றுதான் பொருள். என் மாமியார் இதைச் சொல்லி இன்னமும் சிரிக்கிறார். சிரிக்கட்டும், அவருக்கு அந்த உரிமை உண்டு.

எங்கள் அம்மாயி இருந்தவரை வீட்டில் குளியல் பொடியைக் கடையில் வாங்கியதே இல்லை. பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர் ஆகியவற்றை முறத்தில் பரப்பிக் காயவைத்து, மில்லில் அரைத்து, வெள்ளைத் துணியில் சலித்து, துணியில் நின்ற கரகரப்பான திப்பியைக் குதிகாலுக்குத் தேய்ப்பதற்கென்று தனி டப்பாவில் எடுத்து வைப்பார். இப்போது ஸ்கிரப் என்று எல்லோரும் சொல்வது அந்தத் திப்பியைத்தான். ஆனால் அவர் எதற்கும் அளவு எழுதி வைக்கவில்லை. அந்த அளவுகளை யாராவது சொல்லித் தந்தால், தையல் வேலைக்கு நடுவே பொடி அரைத்து நாலு பேருக்கு விற்கலாம் என்ற ஆசையில்தான் அந்த விளம்பரத்தைத் தொட்டேன்.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இலவச அறிமுக வகுப்பு நேரலையில் நடந்தது. நடத்திய பெண்மணி ஒரு கிழங்கை எடுத்து, எங்கள் கண்முன்னே கத்தியால் குறுக்கே வெட்டி, வெட்டிய பக்கத்தைக் கேமராவுக்கு நேராகக் காட்டினார். உட்புறம் வெளிறிய சந்தன நிறத்தில் இருந்தது. "இதுதாங்க்கா நெசமான கஸ்தூரி மஞ்சள். கற்பூர வாசம் அடிக்கும், கையில கறை பிடிக்காது. பளிச்சுன்னு மஞ்சளா ஒரு தூளைக் கொடுத்து இதான் கஸ்தூரி மஞ்சள்னு யாராச்சும் சொன்னா, காசு குடுக்காம எந்திரிச்சு வந்துருங்க" என்றார். மறுநாள் எங்கள் நாட்டு மருந்துக் கடைக்காரரிடம் விசாரித்தேன். அந்தப் பெண்மணி சொன்னது உண்மைதான் என்றும், மஞ்சக்கூவா என்ற வேறொரு கிழங்கைப் பல இடங்களில் கஸ்தூரி மஞ்சள் என்றே விற்கிறார்கள் என்றும் கடைக்காரர் சொன்னார். அந்த நிமிடத்தில் என் சந்தேகமெல்லாம் போய்விட்டது. ஏமாற்றுக்காரர்களைப் பற்றி எச்சரிக்கிறவரே ஏமாற்றுவார் என்று யார் நினைப்பார்கள்? வகுப்புக்கு 2,500, மூலப்பொருள் பெட்டிக்கு 3,900, ஆக 6,400 ரூபாயை இரண்டு தவணையாக யுபிஐயில் அனுப்பினேன். பணம் போன கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லாமல், அதற்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஆணின் பெயரில் இருந்ததைப் பார்த்தேன், பார்த்தும் அனுப்பினேன்.

ஐந்து நாளில் வந்து சேரும் என்ற பெட்டி பத்தொன்பதாவது நாள்தான் வந்தது. இடையில் கேட்ட போதெல்லாம் "கிளம்பிருச்சுக்கா" என்ற ஒரே பதில். அதன்பின் கூரியர்காரரைக் கேட்கச் சொன்னார்கள். எந்தக் கூரியர் என்று கேட்டதற்குக் கும்பிடும் கை ஒன்றை அனுப்பினார்கள். பெட்டிக்குள் முழுக் கிழங்கோ வேரோ ஒன்றுகூட இல்லை. எட்டு உறைகளிலும் தூள் மட்டுமே இருந்தது. தயாரித்தவர் முகவரி, தொகுதி எண், உரிம எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்பு ஆகிய எதுவும் இல்லாமல், ஒரு தாமரைப் படமும் "100% இயற்கை" என்ற வாசகமும் மட்டும் ஒட்டியிருந்தன.

கஸ்தூரி மஞ்சள் உறையைப் பிரித்தேன். சாம்பாருக்குப் போடும் தூளைவிடப் பளிச்சென்ற மஞ்சள். கற்பூர வாசம் துளியும் இல்லை. தொட்ட விரலை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கறை நகக்கண்ணில் நின்றது. கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி போட்டேன். சமையல் மஞ்சளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் சோதனை இது: நல்ல தூள் அடியில் படிந்து, தண்ணீர் வெளிறிய மஞ்சளாக நிற்கும். என் தம்ளரில் தூள் அடிக்குப் போவதற்குள் தண்ணீர் முழுவதும் சாயத் தொட்டியைப் போல் ஆகிவிட்டது. சந்தனத் தூள் என்ற உறையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து எலுமிச்சைச் சாற்றைச் சொட்டியதும், சுண்ணாம்புக் கட்டியில் விட்டாற்போல் நுரைத்துப் பொங்கியது. வால்நட் ஓட்டுத் தூளை என் பழைய மூக்குக் கண்ணாடியின் மேல் வைத்து விரலால் லேசாகத் தேய்த்தேன். கண்ணாடி முழுவதும் மயிரிழைக் கோடுகள் விழுந்தன. அதை முகத்துக்குத் தேய்க்க வேண்டுமாம்.

வகுப்பாவது ஒழுங்காக நடந்ததா என்றால், ஆறு நேரலை வகுப்புகள் என்றவர்கள் எப்போதோ பதிவு செய்த மூன்று காணொளிகளை அனுப்பினார்கள். மூன்றாவதில்தான் எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, சமையல் சோடா மூன்றையும் குழைத்துத் தேய்க்கச் சொல்லும் செய்முறை இருந்தது. முகத்துக்குப் போடுமுன் கையில் போட்டுப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது என் நல்ல காலம். இடது முன்கையில் தேய்த்துக் கழுவிவிட்டு, மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் சிவந்தது, மூன்றாம் நாள் கொதிநீர் பட்டதுபோல் கொப்புளம் கட்டியது. எலுமிச்சைச் சாற்றில் உள்ள சில பொருள்கள் தோலில் பட்ட பிறகு அதே இடத்தில் வெயில் பட்டால் இப்படித் தீப்புண் போல ஆகும் என்றும், பழுப்புக் கறை மறையச் சில மாதங்கள்கூட ஆகலாம் என்றும் தோல் மருத்துவர் விளக்கினார். தோல் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை உள்ளது என்பதால் காரத்தன்மை உள்ள சமையல் சோடாவும் அதற்கு ஆகாது என்றார். பெட்டியில் இருந்த கார்போகரிசி என்ற மூலிகை விதையின் தூளைப் பற்றிக் கேட்டபோது, அதுவும் வெயிலோடு சேர்ந்தால் இதே வேலையைச் செய்யக்கூடியது என்று சொன்னார். காணொளியில் வெயில் என்ற சொல்லே வரவில்லை.

கொப்புளத்தைப் படம் எடுத்து அனுப்பியதற்கு, "உடம்புல இருக்கற நச்செல்லாம் வெளிய வருதுக்கா, நல்லதுதான், விடாம போடுங்க" என்று குரல் பதிவு வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. 6,400 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். பெட்டியைத் திறந்துவிட்டதால் தர இயலாது என்றார்கள். திறக்காமல் எப்படி அம்மா போலி என்று கண்டுபிடிப்பது? பிறகு கணக்குப் பிரிவில் சொல்லியிருப்பதாகச் சொன்னார்கள். அதன்பின் கணக்குப் பார்ப்பவர் ஊருக்குப் போயிருந்தார். 2020-ஆம் ஆண்டு மின் வணிக விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமித்து, புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும் என்று எழுதி, அந்த அலுவலரின் பெயரைக் கேட்டேன். "நானேதாங்க்கா அது" என்று பதில் வந்தது.

நேற்று குழுவில் எல்லோரும் பார்க்கும்படி தம்ளர் படத்தையும் கைப் படத்தையும் போட்டேன். எனக்கும் இதே தூள்தான் வந்தது என்று வேறொரு பெண் எழுதினார். இரண்டு நிமிடத்தில் அவருடைய செய்தியும் என்னுடையதும் காணாமல் போயின; அடுத்து நானே காணாமல் போனேன். தனியாக அனுப்பிய செய்திகளும் ஒற்றை டிக்குடன் சரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வகுப்பு முடிந்ததும் ஒரு சான்றிதழ் தருவார்களாம். அதை வைத்துக்கொண்டு உரிமம் எதுவும் இல்லாமலே பொடி விற்கலாமாம். இது அப்பட்டமான பொய். விற்பதற்காக அழகுப் பொருள் தயாரிப்பவர் 2020-ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளின்படி மாநில அரசிடம் உரிமம் பெற வேண்டும். அவர்களை நம்பி நான் விற்றிருந்தால், 6,400 ரூபாயோடு வழக்கும் சேர்ந்து வந்திருக்கும்.

விரிவாக எழுதுவதாகச் சொன்ன அறிவுரைக்கு இப்போது மனமும் இல்லை, கையும் இல்லை. தூளாக வாங்காதீர்கள்; முழுக் கிழங்காக நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, வெட்டிப் பார்த்து அரையுங்கள். எலுமிச்சையையும் சமையல் சோடாவையும் தோலுக்குக் கொண்டுபோகாதீர்கள். எதையும் முதலில் முன்கையில் போட்டு இரண்டு மூன்று நாள் பாருங்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள், என்னைப்போல் ஏழு வாரம் காத்திருக்காதீர்கள்.

இன்று காலை 1930-லும், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-லும் புகார் கொடுத்துவிட்டேன். ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை என்பதால், அடுத்த வாரம் எட்டு உறைகளையும் எடுத்துக்கொண்டு அங்கே போகப் போகிறேன். மஞ்சள் கரைத்த தம்ளரை மட்டும் மாமியார் கழுவி வைத்துவிட்டார். அதன் அடியில் இன்னும் ஒரு வளையம் நிற்கிறது.