பிள்ளைக்குப் பின்பால் பழக்க எது நல்லது? ஆணிப்பலகை, வீட்டுப் பலகை, கம்ப்யூட்டர், மால் மெஷின்: ஓர் ஒப்பீடு

சரிந்த பலகையில் உருண்டு வரும் பந்தை, கீழே இருக்கும் இரண்டு ஃபிளிப்பரால் (பொத்தானை அமுக்கினால் எழும்பும் சிறு துடுப்புகள்) திரும்பத் திரும்ப மேலே அடிப்பதுதான் பின்பால். முதன்முதலில் பின்பால் ஆடும் பிள்ளையின் கையைக் கவனியுங்கள். பந்து மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பொத்தானையும் சேர்த்து டபடபவென்று அமுக்கிக்கொண்டே இருக்கும். பந்து கீழே வந்து சேரும் நொடியில் ஃபிளிப்பர் ஏற்கெனவே தூக்கி நிற்கும். தூக்கி நிற்கும் ஃபிளிப்பரில் அடிக்க வீச்சு மிச்சமிருக்காது. அது இறங்குவதற்குள் பந்து குழியில் விழுந்துவிடும். இது பிள்ளையின் தப்பு இல்லை. பந்தின் வேகத்துக்குக் கண்ணும் விரலும் பழகவில்லை, அவ்வளவுதான். அதனால் ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று பார்க்கும்போது எங்கள் முதல் கேள்வி இது: பந்தைப் பார்த்து முடிவெடுக்க எவ்வளவு நேரம் கிடைக்கிறது? விளக்கும் சத்தமும் விலையும் அதற்கப்புறம்.

பெங்களூரில் கைக்கு எட்டும் வழிகள் நான்கு. நாலில் வீட்டில் செய்யும் பலகைக்குத்தான் எங்கள் ஓட்டு. மற்றதெல்லாம் வேண்டாம் என்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வயதும் ஒரு வேலையும் இருக்கிறது.

ஆணிப்பலகை

கடையில் பேகடெல் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் குண்டு மேலே போய், ஆணிகளில் தட்டித் தட்டி, எண் போட்ட குழியில் விழும். ஃபிளிப்பர் கிடையாது. பின்பாலின் பிறப்பும் இதுதான். பிரான்சில் 18-ஆம் நூற்றாண்டில் ஆடிய பேகடெல்லுக்கு 1871-இல் அமெரிக்காவில் மாண்டேக் ரெட்கிரேவ் ஸ்பிரிங் பிளஞ்சர் (இழுத்து விட்டால் பந்தைத் தள்ளும் கம்பி) பொருத்திக் காப்புரிமை வாங்கினார். ஃபிளிப்பர் 1947-இல் காட்லீப் கம்பெனியின் ‘ஹம்ப்டி டம்ப்டி’ மெஷினில்தான் வந்தது. அதுவரை பெரியவர்களே இழுத்து விட்டு, பந்து போகும் வழியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான்கைந்து வயதுக்கு அதுவே போதும். எவ்வளவு இழுத்தால் எவ்வளவு தூரம் போகும் என்ற கணக்கு கைக்குப் பிடிபடும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அழுத்திய அட்டையில் செய்த மலிவுப் பலகை மழைக்காலத்து ஈரத்தில் வளைந்துவிடும். அப்புறம் குண்டு எப்போதும் ஒரே பக்கமாக ஓடும். வாங்கும்போது மேசை மேல் வைத்து நான்கு மூலையும் படிகிறதா என்று பாருங்கள். ஆணித்தலையை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரியிலிருந்து கட்டாயம். பெட்டியில் அது இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். குண்டு தொலைந்துபோனால் சன்னபட்டணா மரமணியைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று தோன்றும். நடுவில் துளை இருப்பதால் அது நேராக உருளாது.

வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் இந்தக் கட்டுரையில் வரும் எந்தக் குண்டும் தரையில் கிடக்கக் கூடாது. சாதாரணக் கோலி 16 மி.மீ., பெரிய மெஷின் பந்து 27 மி.மீ. இரண்டுமே தொண்டையில் சிக்கும்.

வீட்டில் செய்யும் பலகை

மற்ற எதிலும் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு: சரிவை நாம் நினைத்தபடி கூட்டலாம், குறைக்கலாம். பெரிய மெஷினின் பலகை சுமார் 6.5 டிகிரி சாய்ந்திருக்கும். 60 செ.மீ. நீளப் பலகையில் பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட 4 செ.மீ. உயர்த்தினால் சரிவு 4 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக வரும். எதிலும் முட்டாமல் உருளும் கோலி அரை மீட்டரைக் கடக்கச் சுமார் ஒன்றரை நொடி எடுக்கும். 7 செ.மீ. உயர்த்தினால் அதுவே ஒரு நொடிக்குச் சற்று மேல். அந்த வித்தியாசத்தில்தான் பிள்ளை பந்தைப் பார்த்து, எந்தக் கை என்று யோசித்து, விரலை அசைக்கிறது.

60 × 40 செ.மீ. அளவில் 6 மி.மீ. பிளைவுட் போதும். மைசூர் ரோடு டிம்பர் யார்டு வரை போக வேண்டாம்; தெருமுனை பிளைவுட் கடையிலேயே வெட்டித் தருவார்கள். சுற்றிலும் 3 செ.மீ. உயரத்துக்கு மரச்சட்டம் அடியுங்கள். முன்பக்கம் நடுவில் மட்டும் பந்து வெளியேற வழி விட்டு, கீழே ஒரு துணிப்பையைக் கட்டிவிடுங்கள்.

ஃபிளிப்பர்தான் உயிர்நாடி. ஐஸ் குச்சியை மூன்றடுக்காக ஒட்டிச் செய்பவர்கள் நிறைய. அதன் உயரம் 6 மி.மீ. தான் வரும், 16 மி.மீ. கோலியின் மையமோ 8 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. மையத்துக்குக் கீழே அடி விழுவதால் கோலி ஃபிளிப்பர் மேலே ஏறித் தாண்டிவிடும். பிள்ளை சரியாகத்தான் அடித்திருக்கும், பந்து மட்டும் போயிருக்கும். ஆகவே 8 செ.மீ. நீளம், குறைந்தது 12 மி.மீ. உயரம் உள்ள மரத்துண்டாக இருக்கட்டும். அதன் மேல் அகலமான ரப்பர் பேண்டைச் சுற்றினால் பந்து வழுக்காது.

அச்சுக்கு 5 மி.மீ. போல்ட். ஃபிளிப்பரின் ஒரு முனையில் போல்ட்டை நட் போட்டு இறுக்கி, எம்-சீல் பசை பூசுங்கள்; இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் போல்ட் மட்டும் சுற்றும், ஃபிளிப்பர் அசையாது. பலகைக்கும் ஃபிளிப்பருக்கும் நடுவே ஒரு வாஷர் வையுங்கள்; அது இல்லாவிட்டால் நுனி பலகையில் உரசும். இரண்டு அச்சுக்கும் இடையே 16 செ.மீ. இருக்கட்டும். 30 டிகிரி கீழ்நோக்கிப் படுத்திருக்கும்போது நுனிகளுக்கு இடையே 21 மி.மீ. இருக்கும். கோலி நுழைய அது போதும், ஆனால் அடிக்கடி நுழையாது. பலகைக்கு அடியில் அதே போல்ட்டில் 14 செ.மீ. நீளக் குச்சியைப் பக்கவாட்டில் வெளியே நீட்டிக் கட்டுங்கள். பிள்ளை குச்சியைத் தன் பக்கம் இழுத்தால் நுனி மேலே எழும்பும். விட்டால் ரப்பர் பேண்ட் பழைய இடத்துக்கு இழுத்துவரும். மேலே எங்கே நிற்க வேண்டும், கீழே எங்கே படுக்க வேண்டும் என்பதற்கு ஆளுக்கு ஓர் ஆணி. குச்சிக்கு அடியில் இடம் வேண்டுமே, அதனால் முன்பக்கம் 4 செ.மீ., பின்பக்கம் 8 செ.மீ. கட்டை வையுங்கள்.

பக்கச் சட்டத்திலிருந்து அச்சு வரை, படுத்த ஃபிளிப்பரின் அதே சாய்வில் ஒரு பட்டையை ஒட்டுங்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் பின்பாலில் முதல் வித்தை நடப்பது இந்த இடத்தில்தான். பந்து பட்டையில் உருண்டு வரும்போது ஃபிளிப்பரைத் தூக்கி, விடாமல் பிடித்துக்கொண்டால், பட்டையும் ஃபிளிப்பரும் சேர்ந்து ஒரு பள்ளம் ஆகும். கோலி அதில் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் ஆடி, அப்படியே நின்றுவிடும். “அடிக்காதே கண்ணா, தூக்கிப் பிடிச்சுக்கோ” என்று சொல்லிக்கொடுங்கள். பந்து நின்றதும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். அடிப்பதைவிடப் பிடிப்பதுதான் பிள்ளைக்குப் பெரிய சந்தோஷம்.

ஆணிகளை நெருக்கி அடிக்காதீர்கள், 16 மி.மீ. கோலிக்கு இடைவெளி 25 மி.மீ. வேண்டும், குறைந்தால் பந்து சிக்கிக்கொண்டே இருக்கும். சரிவை 3 செ.மீ.க்குக் கீழே இறக்கினாலும் ஆணிமேல் பந்து தங்கிவிடும். ஜே.சி. ரோடில் கிடைக்கும் பேரிங் குண்டைப் போடலாமா என்றால், இப்போதைக்கு வேண்டாம். அதே அளவு இரும்புக் குண்டு கண்ணாடிக் கோலியைப்போல மூன்று மடங்கு எடை. கையால் இழுக்கும் ஃபிளிப்பரில் அதை வேகமாக அடிப்பது பிள்ளைக்குக் கஷ்டம். பிளஞ்சரும் முதல் சில நாட்களுக்கு வேண்டாம். பந்தை மேலிருந்து கையால் விட்டாலே போதும். அபார்ட்மென்ட் என்றால் பலகைக்கு அடியில் தடித்த பாய் ஒன்றை விரித்துவிடுங்கள். கோலி சத்தம் கீழ்வீட்டுக்கு இடி மாதிரிக் கேட்கும்.

பேட்டரி போட்ட குட்டி பிளாஸ்டிக் பின்பாலை இதோடு ஒப்பிடவே முடியாது. ஃபிளிப்பர் குட்டை, பந்து பொடிசு, பிடித்து நிறுத்த இடம் இல்லை. விளக்குக்காகச் சில நாள் ஆடிவிட்டு மூலையில் போட்டுவிடுவார்கள். அதில் பட்டன் பேட்டரி இருந்தால் மூடி ஸ்குரூ போட்டதாக இருக்க வேண்டும்.

போனும் கம்ப்யூட்டரும்

இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. போனில் கட்டைவிரல்களே பலகையின் கீழ்ப்பகுதியை மறைத்துவிடும், பந்து கடுகளவு, நடுவில் விளம்பரம் வேறு. கம்ப்யூட்டர் பரவாயில்லை. விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த ஸ்பேஸ் கேடட் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள்: இடது ஃபிளிப்பருக்கு இசட் விசை, வலதுக்குச் சாய்கோட்டு விசை. கைகள் அகன்று தனித்தனியாக நிற்பதால், ஒரு கை அமுக்கும்போது மற்றது சும்மா இருக்கப் பழகும். எதை அடித்தால் என்ன திறக்கும், எந்த விளக்கு எதற்கு என்ற விதிகளைக் கற்க இதைவிட மலிவான வழி இல்லை. பந்தின் எடை மட்டும் இதில் தெரியாது. திரையில் நன்றாக ஆடும் பிள்ளை பெரிய மெஷின் முன்னால் தடுமாறுவது அதனால்தான்.

மாலில் நிற்கும் பெரிய மெஷின்

27 மி.மீ. இரும்புப் பந்து, சுமார் 80 கிராம். ஃபிளிப்பரை மின்காந்தச் சுருள் உதைக்கிறது; அந்த அதிர்வு உள்ளங்கையில் ஏறும். இந்தச் சுகத்தை வேறு எதுவும் தராது. ஆனால் பந்து வேகம், மூன்றே பந்து, சுற்றிலும் இரைச்சல். கற்றுக்கொள்ள மோசமான இடம், கற்றதைக் கொண்டாட நல்ல இடம்.

கிளம்புமுன் போன் போட்டு, பின்பால் இருக்கிறதா, இரண்டு ஃபிளிப்பரும் வேலை செய்கிறதா என்று கேட்டுவிடுங்கள். டிக்கெட் கக்கும் மெஷின் பார்க்கப் பின்பால் போலவே இருக்கும். பக்கவாட்டில் இரண்டு பொத்தான் இல்லாவிட்டால் அது வேறு ஆட்டம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு 20–25 செ.மீ. உயர மேடை தேவை. குட்டி ஸ்டூல் ஆபத்து, பந்தின் பின்னால் பிள்ளையும் பக்கவாட்டில் சாயும். இரண்டு பக்கப் பொத்தானுக்கும் எட்டும் அகலப் பலகை நல்லது. கிடைக்காவிட்டால் ஆளுக்கொரு பொத்தானாக இரண்டு பிள்ளைகளை நிறுத்துங்கள். அக்காவும் தம்பியும் “உன்னுது, என்னுது” என்று சொல்லிக்கொண்டே ஆடும்போது டபடப தானாக நின்றுவிடும்.

மெஷினை உலுக்கினால் உள்ளே தொங்கும் குண்டு சுற்றியுள்ள வளையத்தில் தொட்டு ‘டில்ட்’ ஆகும். அந்தப் பந்து முடியும்வரை ஃபிளிப்பர் செத்துவிடும். மெஷின் கெட்டுவிட்டதென்று பிள்ளை பயந்துபோகும். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பழைய மெஷினை வீட்டுக்கே வாங்கும் யோசனை இந்த வயதுக்கு வேண்டாம். சுமார் 110 கிலோ எடை, லிஃப்டில் ஏற்றுவதே பெரும்பாடு; அமெரிக்க மின்சாரத்துக்கு அமைத்ததை நம் 230 வோல்ட்டில் அப்படியே செருகினால் உள்ளே எரிந்துவிடும்.

வீட்டுப் பலகையில் 7 செ.மீ. சரிவில், பத்துப் பந்தில் ஐந்தையாவது பிடித்து நிறுத்த வந்தபிறகு மாலுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே முதல் ஆட்டத்தில் பாயின்ட் பேச்சே எடுக்காதீர்கள். பந்து ஃபிளிப்பருக்கு வந்து சேரும் ஓரப் பாதையில் இறங்கும்போது பொத்தானை அமுக்கிப் பிடிக்கட்டும். நின்ற பிறகு விரலை எடுத்தால் பந்து ஃபிளிப்பர் மேல் நுனியை நோக்கி உருளும். பாதி தாண்டியதும் அமுக்கச் சொல்லுங்கள். அச்சுக்குப் பக்கத்தில் அடித்தால் வேகம் வராது. நுனிப் பக்கம்தான் ஃபிளிப்பர் வேகமாக வீசும்.