நிக் டிரேக் விக்கிப்பீடியா கட்டுரை: பல ஆண்டு தொகுத்ததில் தேறியதும் தேறாததும்

முதல் வரியிலேயே தகராறு தொடங்கிவிடும். ஆங்கிலேயப் பாடகர், பாடலாசிரியர் நிக் டிரேக் பிறந்தது 1948 ஜூன் 19, ரங்கூனில். அப்பா பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனில் பொறியாளர், குடும்பமோ ஆங்கிலேயக் குடும்பம். ஆகவே வெள்ளைக்காரன் ஆட்சிதான் என்று கணக்குப் போட்டு, கட்டுரையின் ஓரத்தில் சுருக்க விவரம் தரும் தகவல்பெட்டியில் ‘பிரித்தானிய பர்மா’ என்று யாராவது எழுதிவிட்டுப் போவார்கள். பர்மா விடுதலை பெற்றது அதே ஆண்டு ஜனவரி 4. குழந்தை பிறக்கும்போது நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அடுத்து வருபவர் அதை ‘மியான்மர்’ ஆக்குவார். அது 1989இல் வந்த அதிகாரபூர்வப் பெயர்.

இதற்கு ஒரே மருந்து மறைகுறிப்பு. வாசகர் கண்ணுக்குத் தெரியாமல், தொகுப்புப் பெட்டியில் மட்டும் தெரியும்படி, ஊர்ப்பெயருக்கு ஒட்டினாற்போல் ‘விடுதலை: 4-1-1948, மாற்றுமுன் உரையாடல் பக்கம் பார்க்க’ என்று எழுதி வைப்பது. பாதிப்பேர் அதோடு திரும்பிவிடுவார்கள். தமிழ்க் கட்டுரையில் ‘ரங்கூன்’ என்றே எழுதி, இணைப்பை மட்டும் இன்றைய யங்கோன் கட்டுரைக்குக் கொடுத்தால் போதும். நம்மவர்கள் கப்பலேறிப் போன ஊர், அந்தப் பெயரில்தான் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றே ஆல்பம், 26 வயதில் மரணம். வளர்ந்த பிறகு எடுத்த அசையும் படம் என்று உறுதியானது ஒன்றுகூட வெளிவரவில்லை. இப்படி ஓட்டை விழுந்த வாழ்க்கையை ரசிகர் மனம் கதையால் அடைத்துவிடும். இந்தக் கட்டுரைக்கு வேண்டுமென்றே கெடுக்கும் விசமத்தொகுப்பால் வரும் சேதம் சொற்பம், ஒரு சொடுக்கில் பழையபடி மீளமைத்துவிடலாம். அன்பால் வரும் சேதம்தான் வருடக்கணக்கில் தங்கும்.

கடைசி ஆல்பமான ‘பிங்க் மூன்’ கதையைப் பாருங்கள். பதிவு நடந்தது 1971 அக்டோபரில், லண்டன் சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோவில், இரண்டு இரவுகளில். உள்ளே இருந்தது டிரேக், ஒலிப்பதிவாளர் ஜான் வுட் இருவர் மட்டும். கிட்டார், குரல், தலைப்புப் பாடலில் மேலே சேர்த்த கொஞ்சம் பியானோ, அவ்வளவே. முழு ஆல்பமும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இதுவரை தகராறில்லை. அப்புறம்தான் அந்த வரி வரும்: ஆல்பத்தை வெளியிட்ட ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் வரவேற்பு மேசையில் பதிவு நாடாவை வைத்துவிட்டு யாரிடமும் பேசாமல் போய்விட்டார். அழகான காட்சிதான். ஆனால் நாடாவை நிறுவனத் தலைவர் கிறிஸ் பிளாக்வெல்லிடம் நேரில் கொடுத்தார் என்ற விவரம் அச்சில் இருக்கிறது. கதையை அடியோடு நீக்கினால் வாரத்துக்கொருவர் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். ‘இப்படி ஒரு கதை பரவலாக உண்டு, ஆனால்…’ என்று கதையையும் மறுப்பையும் ஒரே வாக்கியத்தில், தனித்தனி மேற்கோளோடு கட்டிப்போட்டால் நிற்கும்.

மேற்கோளில் மாட்டிக்கொள்ளும் பொறி ஒன்று உண்டு. விக்கியில் சான்றில்லாமல் கிடக்கும் வரியை ஒரு பத்திரிகைக்காரர் எடுத்து எழுதுவார். பிறகு அந்தப் பத்திரிகையே வரிக்குச் சான்றாக வந்து உட்காரும். சந்தேகம் வந்தால் வரலாற்றுப் பக்கத்திலிருந்து விக்கிபிளேம் கருவியைத் திறந்து, வாக்கியத்தின் ஒரு துண்டைக் கொடுத்து, அது எந்தத் தேதியில் நுழைந்தது என்று பாருங்கள். பத்திரிகைத் தேதி அதற்குப் பிந்தியது என்றால் அந்தச் சான்றைத் தூக்கிவிட்டு வரி நுழைந்த தேதிக்கு முந்தைய அச்சுப் பிரதிகளிலோ, ரிச்சர்ட் மார்டன் ஜாக் 2023இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றிலோ தேடுவது நல்லது. பக்க எண் இல்லாத நூல் மேற்கோள் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

வெளியீட்டுத் தேதிகளில் இந்த நோய் நன்றாகத் தெரியும். இரண்டாவது ஆல்பம் ‘பிரைட்டர் லேட்டர்’ 1970 என்று பழைய பட்டியல்கள் சொல்லும், கடைக்கு வந்தது 1971 மார்ச்சில். முதல் ஆல்பத்துக்கு 1969 ஜூலை 3, செப்டம்பர் 1 என்று இரண்டு தேதி உலவுகிறது. தகவல்பெட்டியில் ஆண்டை மட்டும் போட்டு, தேதிச் சண்டையை அந்தந்த ஆல்பக் கட்டுரைக்கு அனுப்பிவிட்டால் வாழ்க்கைக் கட்டுரை நிம்மதியாக இருக்கும். விற்பனை எண்ணும் அப்படியே. ‘5,000 பிரதிகூட விற்கவில்லை’ என்பதைக் கட்டுரையின் குரலில் சொல்லக் கூடாது, யார் சொன்னது என்று சேர்த்தே எழுத வேண்டும்.

மரணப் பகுதியில் கைவைக்குமுன் நிதானம் தேவை. 1974 நவம்பர் 25 அன்று, இங்கிலாந்தின் டான்வொர்த்-இன்-ஆர்டனில் பெற்றோர் வீட்டில் இறந்து கிடந்தார். காரணம் மனச்சோர்வுக்குத் தந்த அமிட்ரிப்டிலின் மாத்திரை அளவு மீறியது. மரண விசாரணை அதிகாரி தற்கொலை என்று தீர்ப்பளித்தார், நெருங்கியவர்கள் எல்லோரும் அதை ஏற்கவில்லை. தீர்ப்பைத் தீர்ப்பாகவும் கருத்தைக் கருத்தாகவும் எழுதினால் போதும். மாத்திரை எண்ணிக்கை கட்டுரைக்கு வேண்டியதில்லை. பாடல் வரிகளில் முன்கூட்டியே மரணத்தைக் கண்டுபிடிக்கும் பத்திகள் சான்றில்லாத சொந்த ஆய்வு, சேர்த்த அன்றே நீக்கிவிட வேண்டும்.

இசைவகைப் புலம் தீராத வியாதி. ஃபோக், ஃபோக் ராக், சேம்பர் ஃபோக் என்று நாளுக்கொன்று மாறும், மாற்றத்துக்குக் காரணம் சொல்ல வேண்டிய தொகுத்தல் சுருக்கம் காலியாக இருக்கும். இரண்டு வகைக்கு மேல் வைக்காமல் இரண்டுக்கும் சான்று கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால், சரியான பக்கத்தில் நிற்பவருக்கும் தடைதான். இரண்டாவது மீளமைப்போடு கையை எடுத்துவிட்டு உரையாடல் பக்கத்தில் எழுதி ~~~~ போட்டுக் கையெழுத்திடுங்கள்.

விக்கிநிரல் தெரியாமல் பக்கத்தைப் பார்த்தபடியே தொகுக்க உதவும் காட்சித் தொகுப்பான் சவுகரியமானதுதான். நூலின் ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுத்தால் மேற்கோளை அதுவே நிரப்பும். ஆனால் மறுபடி பயன்படுத்தும் மேற்கோள்களுக்கு முக்காற்புள்ளியும் எண்ணுமாக ‘:0’, ‘:1’ என்று பெயர் வைத்துவிடுவதுண்டு. நாலு வருடம் கழித்து மூலத்தைத் திறந்தால் எது எந்த நூல் என்று தெரியாது. அன்றே மூலத் தொகுப்புக்குப் போய் ஆசிரியர் பெயரும் ஆண்டுமாக மாற்றி வைப்பது மேல். இணைய மேற்கோள் ஒவ்வொன்றையும் சேர்க்கும்போதே இணைய ஆவணக் காப்பகத்தில் ஏற்றி அந்த முகவரியையும் இணைத்துவிட வேண்டும்.

படம் கிடைப்பது கஷ்டம். புகழ்பெற்ற ஒளிப்படங்கள் எல்லாம் காப்புரிமை உள்ளவை, விக்கியின் கட்டற்ற படக்கிடங்கான பொதுவகத்தில் ஏற்றினால் நீக்கிவிடுவார்கள். ஆங்கில விக்கியில் இறந்தவருக்கு நியாயப் பயன்பாட்டில் ஒரு சிறு படம் அனுமதி, ஏறத்தாழ ஒரு லட்சம் பிக்சலுக்குள். இசைவிழாவில் முதுகுகாட்டி நடக்கும் உயரமான ஆள் டிரேக்தான் என்று ஒரு காணொளி சுற்றுகிறது. வெளியிணைப்பில் அது எத்தனை முறை வந்தாலும் எடுக்க வேண்டியதுதான்.

தமிழாக்கத்தில் தனித் தொல்லைகள். மொழிபெயர்ப்புக் கருவியைக் கவனிக்காமல் விட்டால் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் ‘தீவுப் பதிவுகள்’ ஆகிவிடலாம், ஆல்பப் பெயர்கள் ‘இளஞ்சிவப்பு நிலவு’ ஆகலாம். பெயர்களை ஒலிபெயர்ப்பாகவே விடுங்கள். தொகுத்தல் சுருக்கத்தில் மூலக் கட்டுரையின் இணைப்பைத் தருவது உரிமக் கட்டாயம். இன்னொன்று: ‘பிரைட்டர் லேட்டர்’ ஆங்கிலத்தில் (Bryter Layter) இரண்டு சொல்லிலும் வேண்டுமென்றே எழுத்துப்பிழை வைத்த தலைப்பு. ஆங்கில விக்கியில் அதைத் ‘திருத்த’ ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். தமிழில் எழுதியதுமே பிழை காணாமல் போய்விடுகிறது, அடிக்குறிப்பு போட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.