ஆண்டிபட்டி டேசன், மதுரை - போடி ரயிலு: போகலாமா?

ஆண்டிபட்டில ஏறி இந்த ரயில்ல போகலாமான்னு கேக்குறவங்களுக்குச் சொல்றேன், தாராளமா போகலாம், ஆனா எந்தப் பக்கம் போறீங்க, எப்பத் திரும்புறீங்கன்னு பாத்துட்டு ஏறுங்க.

இந்த லைனு ரெண்டு தடவ செத்துப் பொழச்ச லைனு. மலையில வெளையுற ஏலக்காய் மாதிரி சரக்க கீழ கொண்டுபோக 1928ல வெள்ளக்காரன் நேரோ கேஜ்ல, அதாவது குறுகலான தண்டவாளத்துல போட்டது, ரெண்டாம் உலகப்போர் வந்ததும் தண்டவாளத்தையே பேத்து எடுத்துட்டாங்க, அப்புறம் 1950கள்லதான் அதவிடக் கொஞ்சம் அகலமான மீட்டர் கேஜா திரும்பி வந்துச்சு. அதையும் அகலப்பாதையா மாத்தப்போறோம்னு 2010 டிசம்பர் 31ஓட நிப்பாட்டுனாங்க. மொத்தமே 90 கிலோமீட்டர்தான், ஆனா பணம் ஒதுக்குனது ரொம்பக் கொஞ்சம் கொஞ்சமா, கணவாயில பாறை வேற ஒடைக்கணும், பள்ளிக்கூடம் போன பிள்ளைக காலேஜ் முடிச்சு வேலைக்கே போயிருச்சுக, ரயில் மட்டும் வரல. உசிலம்பட்டி வரைக்கும் 37, அடுத்து ஆண்டிபட்டிக்கு 21, தேனிக்கு 17, கடைசியா போடிக்கு 15 கிலோமீட்டர்னு துண்டு துண்டா முடிச்சு, 2022 மே மாசம் தேனிக்கும் 2023 ஜூன் 15ல போடிக்கும் ரயில் ஓட ஆரம்பிச்சுச்சு.

பயணம் அருமை. ஆண்டிபட்டி கணவாய் வாரப்ப ஜன்னலோர சீட்ட விட்ராதீங்க, ரெண்டு பக்கமும் பாறை, தாண்டுனதும் காத்தாலைங்க, தூரத்துல மேற்குத்தொடர்ச்சி மலை, பஸ்ல இந்தக் காட்சி கெடைக்காது. டிக்கெட்டும் நம்மள மாதிரி ஆளுகளுக்குத் தாங்கும், ஆரம்பிச்சப்ப மதுரை டு தேனி 45 ரூவா. முட்டிவலி உள்ள பெரியவங்க, கைக்கொழந்தக்காரங்க எல்லாம் பஸ்ஸு நெரிசல்ல நிக்காம உக்காந்து போறாங்கல்ல, எனக்கு அதுதான் பெரிய சந்தோசம்.

கொறைன்னு பாத்தா டைமிங்தான், இதச் சொல்லியே ஆகணும். பகல் ரயிலு காலைல மதுரைல கெளம்பி போடி வருது, சாயங்காலம் போடில இருந்து மதுரைக்குத் திரும்புது. மதுரைக்காரங்க இங்குட்டு வந்து வேலைய முடிச்சிட்டு ராத்திரிக்குள்ள வீடு சேந்துரலாம், ஆனா நம்ம பக்கம் இருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கோ கோர்ட்டுக்கோ போறவுகளுக்கு காலைல போற பகல் ரயில் கெடையாது, பழையபடி பஸ்ஸுதான், பக்கத்து நெசவாளர் ஊரு சக்கம்பட்டி சேல மூட்டையோட வியாபாரத்துக்குப் போறவுகளுக்கும் அதே கததான். விடியக்காலம் போடில இருந்து ஒண்ணு கெளம்புனா போதும், கூட்டம் தானா வரும். போடி - சென்னை ரயிலும் இருக்கு, வாரத்துக்கு மூணு நாள்தான், அதுவும் கரூர், சேலம், காட்பாடின்னு சுத்திப் போகும், அவசரமில்லாம படுத்துட்டுப் போறவங்களுக்கு சரிவரும்.

என் மார்க்கு 5க்கு 4. காலைல ஒரு ரயில் விட்டா அந்த மீதி ஒண்ணையும் குடுத்துருவேன். மதுரைல இருந்து வர்றவங்க காலை ரயில்லயே வாங்க, திரும்பிப் போறப்ப மட்டும் டேசனுக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்துருங்க, அந்த ரயில விட்டா அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் ஓடணும்.