பாளையங்கோட்டையா, டவுனா, தென்காசியா: நெல்லைப் பக்கம் ஃப்ளாட் பார்க்கிறவர்களுக்கு

சென்னையை விட்டு நெல்லைப் பக்கம் போய்விடலாமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. போவதென்றால் முதலில் வாடகைக்குத்தான், வாங்குவதெல்லாம் அப்புறம். வேலை வீட்டிலிருந்தே செய்கிற வேலை, கூட வரப்போவது எழுபதைத் தாண்டிய அம்மா. இந்த இரண்டையும் மனதில் வைத்துப் படியுங்கள், உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். என் ஓட்டு பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கிற பெருமாள்புரத்துக்கு.

பெருமாள்புரம், தியாகராஜநகர், மகாராஜநகர் பக்கமெல்லாம் தெரு அகலம், மரம் இருக்கிறது, வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. புது பஸ் ஸ்டாண்டு பக்கம். ராத்திரி அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவிலேயே போய்விடலாம், எனக்கு இது ஒன்றே பாதி முடிவு. குறை என்றால் தண்ணீர். ஒரு ஃப்ளாட்டில் சமையலறைக் குழாயின் வாயைச் சுற்றி வெள்ளையாக உப்பு படிந்திருந்தது, நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக வருகிறது, அவ்வளவும் போர் தண்ணீர். அதனால் ஆற்றுத் தண்ணீர் தனி லைனில் வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒரு தடவை, நேராக சம்பில் இறங்குகிறதா இல்லை குடம் வைத்துப் பிடிக்க வேண்டுமா என்று கேளுங்கள், அதுவும் ஓனரிடம் கேட்காமல் எதிர் ஃப்ளாட்டு அக்காவிடம் கேளுங்கள்.

வண்ணார்பேட்டையும் தாமிரபரணி ஆற்றுக்கு இதே கரைதான். துணிக்கடை, ஆஸ்பத்திரி, ஹோட்டல் எல்லாம் நடக்கிற தூரம், ஜங்ஷனும் பக்கம், வந்தே பாரத்தைப் பிடிக்க விடியற்காலையில் அலைய வேண்டாம். ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தை மறந்துவிட்டு அங்கே வீடு பார்க்கக் கூடாது. ஒரு அபார்ட்மெண்டில் கீழே தூண்களில் பாதி உயரத்துக்கு மட்டும் புது பெயிண்ட், மீட்டர் பெட்டி எல்லாம் தலைக்கு மேலே. “அண்ணாச்சி, இது வரைக்குமா வந்துச்சு?” என்று வாட்ச்மேனைக் கேட்டேன். “மீட்டரெல்லாம் முங்கிட்டுல்லா சார், அதான் மேல ஏத்தியிருக்கு” என்றார். வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம் எங்கே பார்த்தாலும் தூணைப் பாருங்கள், மீட்டரைப் பாருங்கள், லிஃப்ட் மோட்டார் எங்கே இருக்கிறதென்று பாருங்கள். நாங்கள் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டோம்.

திருநெல்வேலி டவுனில் ஃப்ளாட் குறைவு. ரத வீதிகளைச் சுற்றிக் கிடைப்பது பெரும்பாலும் பல குடித்தனம் சேர்ந்திருக்கிற பழைய வளவு வீட்டில் ஒரு பகுதி, இல்லையென்றால் கடைக்கு மேலே மாடி. நெல்லையப்பர் கோயிலுக்கு நடந்து போகலாம், நினைத்த நேரத்தில் காய்கறி வாங்கலாம், பேச்சுத்துணைக்கும் குறைவில்லை, அம்மாவுக்குப் பிடித்ததும் இதுதான். ஆனால் செங்குத்துப் படி, கார் நிறுத்த வழியில்லை, ஆனித் தேரோட்ட சமயத்தில் தெருவுக்குள் வண்டியே வர முடியாது. முழங்கால் வலிக்காரரை அந்தப் படியில் தினமும் ஏற்றி இறக்க எனக்கு மனம் வரவில்லை.

தென்காசியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சாரல் மாதத்தில் போய் அங்கே வீடு பார்க்காதீர்கள். ஜூன், ஜூலையில் மேற்கே மலையில் மேகம் இறங்கி, முகத்தில் சாரல் அடித்து, குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்தால் எந்த வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும். மார்ச், ஏப்ரலில் போங்கள். அப்போதும் பிடித்திருந்தால் தாராளமாகக் குடியேறலாம். வாடகை நெல்லையை விடக் குறைவாகத்தான் சொன்னார்கள், சென்னைக்கு பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது, 2019-இல் தனி மாவட்டமான பிறகு கலெக்டர் ஆபீஸ் வேலைக்கும் நெல்லைக்கு ஓட வேண்டாம். வயசு முப்பதாக இருந்தால் நான் அங்கேதான் போயிருப்பேன். பெரிய வைத்தியம் என்று வந்தால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் திருநெல்வேலிக்கு வர வேண்டுமே, அதுதான் தடுக்கிறது.

இன்னொன்று, இந்தப் பக்கம் வாடகைக்குக் கேட்டாலும் ‘ஒத்திக்கு வேணுமா’ என்று கேட்பார்கள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்குவது. கையில் பணம் இருந்தால் லாபம்தான். ஆனால் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதினால் போதும் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வில்லங்கச் சான்றிதழ் போட்டு, அந்த வீட்டின் மேல் பேங்க் கடன் இருக்கிறதா என்று பார்த்து, ஒத்திப் பத்திரத்தை சார்பதிவாளர் ஆபீசில் பதிந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.