விஎம்வேர் எம்ஐபி கோப்புகளுடன் ஆறு வருடம்: வரிசை எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

"இஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களை எஸ்என்எம்பி வழியாவே கண்காணிக்கலாமா, இல்ல நேரா ஏபிஐக்குப் போயிடலாமா?" என்று பழைய அலுவலக நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். இஎஸ்எக்ஸ்ஐ என்பது ஒரே இயந்திரத்தில் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் விஎம்வேர் மென்பொருள், அது ஓடும் சர்வர்தான் ஹோஸ்ட். எஸ்என்எம்பி, சாதனங்களின் நிலையை நெட்வொர்க் வழியாகக் கேட்டு வாங்கும் நெறிமுறை. அதில் எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று சொல்வது எம்ஐபி கோப்பு. ஏபிஐ, நிரல்கள் நேராகக் கேள்வி கேட்க விஎம்வேர் திறந்து வைத்திருக்கும் வாசல். இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன், முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அதில் பாதி நேரம் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேசினேன்: விஎம்களின் அட்டவணையில் வரும் வரிசை எண். அதை எழுதியே வைத்துவிடுகிறேன்.

எங்களிடம் நான்கு ஹோஸ்ட், தொண்ணூறு சொச்சம் விஎம். 6.5 பதிப்பில் ஆரம்பித்து இப்போது 8க்கு வந்திருக்கிறோம். எம்ஐபி கோப்புகளைக் கண்காணிப்புக் கணினியில் ஏற்றுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ரூட் கோப்பும் டிசி கோப்பும் இல்லாமல் மற்றவை ஏறாது, 'மாட்யூல் கிடைக்கவில்லை' என்று வந்தால் முதலில் அதைப் பாருங்கள். டெபியனில் எஸ்என்எம்பி கான்ஃபிக் கோப்பில் 'மிப்ஸ்' என்று தொடங்கும் வரியை கமெண்ட் செய்துவிட வேண்டும்.

சரி, வரிசை எண்ணுக்கு வருகிறேன்.

எஸ்என்எம்பியின் எண் மரத்தில் விஎம்வேரின் கிளை 1.3.6.1.4.1.6876. அதற்குக் கீழே 2 என்ற கிளையில் விஎம்களின் அட்டவணை இருக்கிறது. பெயர், கான்ஃபிக் கோப்பின் பாதை, கெஸ்ட் ஓஎஸ் (விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்), மெமரி, பவர் நிலை என்று ஒரு விஎம்முக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் ஓடி எஸ்என்எம்பி கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஏஜென்ட்டுக்குத் தன்னிடம் உள்ள விஎம்களை மட்டும்தான் தெரியும். வரிசை எண்ணும் அந்த ஹோஸ்ட் கொடுப்பதுதான். முதல் ஹோஸ்ட்டில் 14ஆக இருந்த விஎம், விமோஷனில் (ஓடிக்கொண்டிருக்கும்போதே இடம் மாற்றுவது) இரண்டாவது ஹோஸ்ட்டுக்குப் போனால் அங்கே 27 ஆகலாம்.

நாங்கள் வாங்கியிருந்த கண்காணிப்பு மென்பொருளின் ரெடிமேட் டெம்ப்ளேட், ஹோஸ்ட் ஐபியையும் இந்த வரிசை எண்ணையும் சேர்த்துத்தான் ஒரு விஎம்மை அடையாளம் வைத்திருந்தது. இது எங்களுக்கு மூன்றாவது மாதம்தான் தெரிந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு பில்லிங் டேட்டாபேஸ் விஎம் காணவில்லை என்று அலர்ட். அலறி எழுந்து லேப்டாப்பைத் திறந்தால் அது சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கிறது. சுமையைப் பார்த்துத் தானாக விஎம்களை இடம் மாற்றும் டிஆர்எஸ் அதை வேறு ஹோஸ்ட்டுக்கு நகர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். மறுநாள் இரவு நான்கு அலர்ட். அந்த வாரம் முழுக்க இதே கதை.

கிராஃப்களின் கதி இன்னும் மோசம். இடம் மாறிய விஎம் புது விஎம்மாகக் கணக்கில் ஏறியது. ஒரே விஎம்மின் ஆறு மாத வரலாறு ஐந்து துண்டாகக் கிடந்தது. கடைசியில் டீமில் எல்லோரும் அந்த அலர்ட்டையே மௌனமாக்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், தூக்கம் எல்லோருக்கும் வேண்டும். ஆனால் அதன் பிறகு ஒருநாள் உண்மையிலேயே அணைந்துபோன ஒரு விஎம்மை மதியம் வரை யாரும் கவனிக்கவில்லை. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

இத்தனைக்கும் தீர்வு அதே அட்டவணையில்தான் இருந்தது. பத்தாவது நெடுவரிசை, ஒவ்வொரு விஎம்முக்கும் உள்ள தனி அடையாள எண்ணான யூயூஐடி. விமோஷனில் அது மாறுவதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு ஹோஸ்ட்டையும் வாக் செய்து (அட்டவணை முழுவதையும் வரிசையாகப் படித்து), யூயூஐடியை வைத்து ஒன்றாக இணைக்கும் சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். அடுத்தடுத்த இரண்டு சுற்றிலும் ஒரு விஎம் எந்த ஹோஸ்ட்டிலும் தென்படாவிட்டால் மட்டும் அலர்ட். பவர் நிலை எண்ணாக வராமல் வாசகமாக வருவதால், அதையும் ஸ்கிரிப்டே 1, 0 என்று மாற்றிக் கொடுக்கிறது. அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் ஒரு பொய் அலர்ட்கூட வரவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. கெஸ்ட் ஓஎஸ் நெடுவரிசையில் ஓஎஸ் பெயர் வரும் என்று எதிர்பார்த்தேன். சில விஎம்களுக்கு 'ஈ: டூல்ஸ் நாட் இன்ஸ்டால்ட்' என்று வந்தது. டூல்ஸ் என்பது விஎம்முக்குள் நிறுவும் விஎம்வேரின் துணை மென்பொருள். முதலில் ஏதோ பிழை என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, டூல்ஸ் இல்லாத விஎம்களின் பட்டியல் தானாக என் கையில் இருக்கிறது! பதினொன்று. டூல்ஸ் அனுப்பும் ஹார்ட்பீட் (உயிரோடு இருப்பதற்கான அறிகுறி) நின்றால் ட்ராப் (ஏஜென்ட் தானாக அனுப்பும் எச்சரிக்கை) வரும் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்ததில், டூல்ஸே இல்லாத இந்தப் பதினொன்றிலிருந்து அது எப்படி வரும்? யாரும் கேட்காமலே இந்த அட்டவணை அதைக் காட்டிக் கொடுத்தது. இன்றும் திங்கட்கிழமை காலை நான் முதலில் பார்ப்பது இந்த நெடுவரிசையைத்தான். அப்புறம், ஹோஸ்ட்டின் ஏஜென்ட் படிக்க மட்டும்தான் விடும், எதையும் மாற்ற விடாது. 5.1லிருந்து, கடவுச்சொல்லும் மறைகுறியாக்கமும் உள்ள எஸ்என்எம்பி பதிப்பு 3ம் உண்டு. எங்கள் பாதுகாப்பு அதிகாரி ஒரே நாளில் அனுமதி கொடுத்தது இந்த இரண்டு காரணத்தால்தான்.

குறையென்றால், ஒவ்வொரு விஎம்மும் எவ்வளவு சிபியு தின்கிறது என்பது இந்த அட்டவணையில் இல்லை. எத்தனை சிபியு ஒதுக்கியிருக்கிறது என்பதோடு நின்றுவிடும். விஎம்களை ஓட்டும் எந்த ஹைப்பர்வைசருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று, இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் 2015ல் வெளியிட்ட ஆர்எஃப்சி 7666 என்ற ஆவணத்தில் அதற்கு இடம் இருக்கிறது, பவர் நிலையும் எண்ணாகவே வருகிறது. அதைப் படித்தபோது கொஞ்சம் ஏக்கமாகத்தான் இருந்தது.

ஆகவே நண்பருக்குச் சொன்ன பதில்: புதிதாக ஆரம்பிப்பதானால் வேண்டாம், ஏபிஐ பக்கமே போங்கள்.

"அப்போ நீங்க எப்போ மாறப்போறீங்க?" என்று கேட்டார். மாறப்போவதில்லை. போன மாதம், எல்லா ஹோஸ்ட்டையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும், ஏபிஐ கேள்விகள் பொதுவாகப் போய்ச் சேரும் விசென்டரின் அப்கிரேட் பாதியில் நின்று நான்கு மணி நேரம் கீழே கிடந்தது. அதை நம்பியிருந்த டாஷ்போர்டு முழுக்க வெறுமை. மேலாளர் பின்னால் நின்றுகொண்டு "எது ஓடுது, எது ஓடல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விசென்டரைக் கேட்காமல் ஹோஸ்ட்களிடமே நேராகக் கேட்கும் என் ஸ்கிரிப்ட் மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொண்ணூறு விஎம்மின் நிலையையும் சொல்லிக்கொண்டிருந்தது.

இதைக் கேட்டதும் நண்பர் ஸ்கிரிப்டை அனுப்பச் சொன்னார். அனுப்பியிருக்கிறேன், முதல் வரியிலேயே கமெண்ட் போட்டு: பத்தாவது நெடுவரிசையிலிருந்து தொடங்கவும்.