கடற்படை விமான அருங்காட்சியகத்துக்கு 'ஸ்பெஷல் பர்மிஷன்' என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

33,000 ரூபாய் போய்விட்டது. என் ஒருவன் பணம் இல்லை, எங்கள் மன்றத்து ஆட்கள் 22 பேர் தலைக்கு 1,500 ரூபாய் போட்டது. வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். குழுவாக எங்கேயாவது போகத் திட்டம் போடுபவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

எங்களுடையது கோயம்புத்தூரில் ஒரு சின்ன மன்றம். விமான மாதிரிகள் செய்வது, பழைய விமானங்களைப் பற்றிப் பேசுவது, அவ்வளவுதான். கோவாவில் போக்மாலோ சாலையில் இருக்கும் கடற்படை விமான அருங்காட்சியகத்துக்கு எல்லோரும் சேர்ந்து போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அதற்குக் காரணம் இருக்கிறது. கடற்படையின் ஹன்சா விமானதளம் 1961 செப்டம்பரில் தொடங்கப்பட்டது கோவாவில் இல்லை, நம் சூலூரில். சீ ஹாக், அலிஸே, வாம்பயர் என்ற அந்தக் காலத்துக் கடற்படை விமானங்கள் எல்லாம் இங்கேதான் பறந்தன. 1964-ல்தான் அந்தத் தளம் கோவாவில் இருக்கும் டாபோலிமுக்கு மாறியது. 1971 போரில் விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிப்போய், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கியவை அந்தச் சீ ஹாக்குகள்தான். எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் சூலூர்க்காரர். பள்ளிக்கூடத்துப் பையனாக வேலியோரம் நின்று அந்த விமானங்கள் இறங்குவதைப் பார்த்தவர். ஒரு சீ ஹாக்கைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்பதற்காகவே மூட்டுவலியோடு ரயில் ஏறினார்.

ரயில் டிக்கெட் நாங்களே போட்டுக்கொண்டோம். ரூம், வேன், அருங்காட்சியகம் மூன்றும் ஒரு உள்ளூர் டிராவல்ஸ் பொறுப்பு. பேர் போடவில்லை, காரணம் கடைசியில் சொல்கிறேன். குடும்பச் சுற்றுலா, கோயில் சுற்றுலா நடத்தும் ஒரு சாதாரண அலுவலகம். அந்த ஆள் எங்களுக்கெல்லாம் டீ வரவழைத்தார். பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஐயா, உங்களுக்கு எந்த பிளேன் பார்க்கணும்?" என்று கேட்டு, டைரியில் 'சீ ஹாக்' என்று எழுதிக்கொண்டார். அப்புறம் போனில் நங்கூரச் சின்னம் போட்ட ஒரு கடிதத்தைக் காட்டினார். "நேவில நமக்கு ஆள் இருக்குங்ணா. ஆபீசரே கூட வந்து சுத்திக் காட்டுவாரு. ஐயாவை சீட்லயே உட்கார வெச்சு போட்டோ எடுத்துடலாம்." அதற்குத்தான் அந்த 1,500, மற்ற செலவு எல்லாம் போகத் தனியாக. பெரியவர் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு யாருக்கும் பேரம் பேச மனம் வரவில்லை. 33,000 ரூபாயையும் அவர் சொன்ன நம்பருக்கே ஜிபேயில் அனுப்பினோம்.

ஞாயிறு அருங்காட்சியகம், திங்கள் கடற்கரை, அன்று சாயங்காலம் ரயில். இதுதான் பேச்சு. அங்கே போய் இறங்கியதும் ஞாயிறு வேன் முந்திரிக் கடைக்கும் படகுத்துறைக்கும் போனது. டிரைவரைக் கேட்டால் புரோகிராம் மாறிவிட்டது என்றார். போன் போட்டேன். "திங்கக்கிழமை கூட்டம் இருக்காதுங்ணா, நிம்மதியா பாக்கலாம்." திங்கள் திறந்திருக்குமா என்று கேட்டேன். "அதுக்குத்தானே ஸ்பெஷல் பர்மிஷனே!" என்றார்.

திங்கள் காலை போனால் கேட் பூட்டியிருக்கிறது. காவலாளி நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். திங்கள்தோறும் விடுமுறை. தனி அனுமதி, கடிதம் எதுவும் தேவையில்லை. மற்ற நாள்களில் யார் வேண்டுமானாலும் வந்து கவுன்டரில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம், அதுவும் சொற்பக் காசுதான். போனில் இருந்த கடிதத்தைக் காட்டினோம். இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை என்று கையை விரித்துவிட்டார்.

உள்ளே சூப்பர் கான்ஸ்டலேஷன் நிற்கிறது, மூன்று வால் துடுப்புகளோடு ஏர் இந்தியாவில் பறந்து, பிறகு விமானப்படைக்கும் கடற்படைக்கும் வேலை செய்த விமானம். 2016-ல் ஓய்வுபெற்ற சீ ஹாரியர், அலிஸே, அவர் கேட்ட சீ ஹாக் எல்லாம் உள்ளேதான். கோயம்புத்தூரிலிருந்து அத்தனை தூரம் வந்து கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் வேனில் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அது 33,000 ரூபாயை விடப் பெரிய இழப்பு.

ஊர் திரும்பியதிலிருந்து அலைக்கழிப்புதான். முதலில், "ஆபீசர் டிரான்ஸ்பர் ஆகிட்டாருங்ணா." மறுநாள் அக்கவுன்டன்ட் லீவு. அப்புறம், "அடுத்த டூர்ல கழிச்சுக்கலாம்." நேரில் போனேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெண், "சார் வெளியூர் போயிருக்காங்க" என்கிறார். உள் அறையில் அவர் குரல் கேட்கிறது. உள்ளே போய்க் கேட்டால், "பீச்செல்லாம் சுத்திட்டுத்தானே வந்தீங்க, ஒரு மியூசியத்துக்கு இவ்வளவு பேச்சா?" என்கிறார். டீ வாங்கிக் கொடுத்து, டைரியில் எழுதிக்கொண்ட அதே வாய். விசாரித்ததில் தெரிந்தது, ஞாயிறு அந்த வேனை வேறொரு கல்யாண பார்ட்டிக்கும் பேசியிருக்கிறார்கள். பாதி நாள் எங்களுக்கு, பாதி நாள் அவர்களுக்கு. நாள் மாறியதற்கு அதுதான் காரணம். பில் கேட்டேன், தரவில்லை. இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். 33,000 ரூபாய்க்கு என்னிடம் இருப்பது ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் பழைய வாட்ஸ்அப் உரையாடலும்தான்.

விரிவாக யோசனை சொல்ல நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். எந்த அருங்காட்சியகமானாலும் விடுமுறை நாளையும் நுழைவுக் கட்டணத்தையும் அங்கேயே போன் போட்டுக் கேளுங்கள். போக்மாலோவுக்குத் திங்கள் போகாதீர்கள். 'நேவில ஆள் இருக்கு' என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். தனிநபர் கணக்குக்கு மொத்தப் பணத்தையும் அனுப்பாதீர்கள், பில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். ஏமாந்துவிட்டால் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறோம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, நடந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். வழக்கு போகப்போவதால்தான் பேர் எழுதவில்லை. கோவையில் வேறு யாருக்காவது இதே நங்கூரச் சின்னக் கடிதத்தைக் காட்டிப் பணம் வாங்கியிருந்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.